150 சதவீத டிவிடெண்ட், கைக்கு வந்தது 1,500 ரூபாய்

கேள்வி: சம்பா நெல் போட்ட பணத்தில் 80,000 ரூபாய்க்கு ஒரு சிறிய சுரங்க கம்பெனியின் பங்குகள் 500 வாங்கினேன். "150 சதவீதம் டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனி" என்று மச்சான் சொன்னதை நம்பித்தான். முதல் வருஷம் கணக்கில் ஏறியது 1,500 ரூபாய். இந்த வருஷம் லாபம் காட்டியிருக்கிறார்கள், ஆனால் டிவிடெண்ட் கிடையாதாம். கேட்டு வாங்க முடியுமா? பங்கை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: மச்சான் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். டிவிடெண்ட் என்பது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். அதன் சதவீதத்தைப் பங்கின் முகமதிப்பை, அதாவது சந்தை விலையை அல்ல, பங்குப் பத்திரத்தில் எழுதியிருக்கும் மதிப்பை வைத்துத்தான் சொல்வார்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி முகமதிப்பு 2 ரூபாய். அதில் 150 சதவீதம் 3 ரூபாய். 500 பங்குக்கு 1,500. நீங்கள் பங்குக்குக் கொடுத்ததோ 160 ரூபாய். போட்ட பணத்துக்குக் கிடைத்தது இரண்டு சதவீதம்கூட இல்லை. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கிலேயே 4 சதவீதம் வட்டி தருகிறார்கள்.

கேட்டு வாங்க முடியாது. டிவிடெண்டை இயக்குநர் குழு பரிந்துரைக்க வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். குழு சொன்ன தொகையைக் கூட்டம் உயர்த்த முடியாது. குழு ஒன்றும் இல்லை என்றால் இல்லைதான், லாபம் எவ்வளவு இருந்தாலும் சரி. அறிவித்துவிட்டால் கதை வேறு. அது கம்பெனி உங்களுக்குப் பட்ட கடன். 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

டிவிடெண்ட் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயப்படுத்தியிருப்பது, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் கம்பெனிகளைத்தான். சின்ன கம்பெனி விரும்பினால் வெளியிடலாம். வெளியிட்டாலும் "லாபம், விரிவாக்கத் தேவை, சந்தை நிலவரம் பார்த்துக் குழு முடிவு செய்யும்" என்கிற மாதிரி வழவழவென்றுதான் இருக்கும். நெய்வேலி என்.எல்.சி.யையோ கோல் இந்தியாவையோ இதோடு ஒப்பிடாதீர்கள். அவை மத்திய அரசு நிறுவனங்கள். நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதையாவது டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் அவற்றுக்கு விதி வைத்திருக்கிறார்கள். தனியார் கம்பெனிக்கு அப்படிக் கீழ்வரம்பு எதுவும் இல்லை.

இனி சுரங்கத்துக்கு வருவோம். வயலைக் குத்தகைக்கு விட்டால் வருஷா வருஷம் நெல் வரும், வயல் அப்படியே இருக்கும். அதே வயலின் மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றாலும் பணம் வரும். ஆனால் பள்ளம்தான் மிஞ்சும். சுரங்க கம்பெனியின் வருமானம் இரண்டாவது ரகம். வெட்டி விற்ற தாது திரும்ப விளையாது. அதனால் கையில் வரும் டிவிடெண்டில் ஒரு பகுதி உங்கள் முதலே கரைந்து வருவது. நல்ல கம்பெனி என்றால் தாது தீருவதற்குள் அடுத்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், அந்த வருஷம் டிவிடெண்ட் நிற்கும்.

அதோடு இப்போது இடம் பிடிப்பது லேசல்ல. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, இரும்பு, மாங்கனீசு போன்ற தாதுக்களின் லீஸுக்கு, அதாவது வெட்டி எடுக்கும் குத்தகைக்கு, 50 ஆண்டு என்று வைத்தார்கள். முடிந்தால் புதுப்பிப்பு கிடையாது, ஏலம்தான். ஒரே லீஸை நம்பி இருக்கும் கம்பெனிக்கு இது உயிர்ப் பிரச்சினை. கோவாவில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் 88 இரும்புத்தாது லீஸ்களை ரத்து செய்தது.

ஆகவே ஆண்டறிக்கையை எடுங்கள், கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கும். முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தாண்டிப் போங்கள். லீஸ் எந்த வருஷம் முடிகிறது, தாது இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று பாருங்கள். அப்புறம் பணப்புழக்க அறிக்கை. லாபம் ஏட்டில் இருக்கும், காசோ சரக்கு வாங்கியவர்களிடம் பாக்கியாக நிற்கும். டிவிடெண்ட் நிற்க அதுவும் காரணமாகலாம். கடைசியாக, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "தொடர்புடைய தரப்பினருடன் பரிவர்த்தனை" என்ற அட்டவணை. பணம் புது லீஸுக்கோ கடன் அடைக்கவோ போயிருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். முதலாளி குடும்பத்தின் வேறு கம்பெனிக்குக் கைமாற்றாகப் போயிருந்தால், நானாக இருந்தால் நஷ்டத்துக்காவது விற்றுவிடுவேன்.

ஒன்று, நெல் விற்ற பணத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் டிவிடெண்டுக்கும் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். 2020 ஏப்ரல் முதல் அது உங்கள் வருமானத்தோடு சேரும். ஒரே கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே 10 சதவீதம் வரியாக (டி.டி.எஸ்.) பிடிப்பார்கள். உங்கள் 1,500-க்குப் பிடித்தம் வராது.

கேள்வி: அப்பா பெயரில் பழைய காகிதப் பங்குகள் இருக்கின்றன. பல வருஷ டிவிடெண்ட் வாரண்டுகளை (காசோலை மாதிரி தபாலில் வருபவை) வங்கியில் போடவே இல்லை. பணம் போய்விட்டதா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: போகவில்லை. ஏழு ஆண்டு வாங்காத டிவிடெண்ட் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு (ஐ.இ.பி.எஃப்.) போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டு வாங்காமல் விட்டால் பங்குகளும் கூடவே போகும். இரண்டையும் திரும்பக் கேட்கலாம். முதலில் கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு, பத்திரத்தில் இருக்கும் ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, எது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அப்பா காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும், உங்கள் பெயரில் டீமேட் கணக்கும் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வேண்டும். அதன்பின் ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. "மீட்டுத் தருகிறோம், கால் பங்கு கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.