வீட்டு முகவரியும் பள்ளி இடமும்

கேள்வி: என் மகன் குடும்பத்துடன் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) குடிபோகிறான். பேத்திக்கு ஐந்து வயது. பேரன் எட்டாம் வகுப்பில் சேர வேண்டும். பள்ளியைப் பார்த்துத்தான் வீடு பிடிக்க வேண்டும் என்கிறார்கள். கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்கு இவ்வளவு அலைச்சல் எதற்கு?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாஷிங்டன் நகரையொட்டிய அந்தக் கவுண்டியில் சுமார் 200 பொதுப் பள்ளிகளும் ஏறத்தாழ 1,80,000 மாணவர்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கிறார்கள், வர்ஜீனியாவிலேயே பெரிய பள்ளி நிர்வாகம் அதுதான். இடம் கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை வகுத்திருப்பதால், குடியிருக்கும் முகவரிக்குரிய பள்ளியில் பிள்ளைக்கு இடம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியை இட்டு, தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை எவையெவை வருகின்றன என்று பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால், பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளங்களை நம்பிச் சக்திக்கு மீறிய வாடகை கொடுக்க வேண்டாம் என்று உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். அந்த மதிப்பெண்களில் பிரதிபலிப்பது பெரும்பாலும் அப்பகுதிப் பெற்றோரின் வருமானமே. கவுண்டியின் பொது நிதியில் பாதிக்கும் மேல் பள்ளிகளுக்குப் போகிறது. அதன் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்து வந்தாலும், பணக்காரத் தெருவின் வரி அத்தெருப் பள்ளிக்கு மட்டுமே என்ற நிலை அங்கில்லை. ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களை ஒதுக்குகிறார்கள். தவிரவும், எல்லைகள் நிரந்தரமல்ல. 2024-இல் திருத்திய கொள்கைப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் கொண்ட பள்ளி வாரியம்தான் இதைத் தீர்மானிக்கிறது.

பேரன் விஷயத்தில்தான் நாள் கடத்தக் கூடாது. அதே நிர்வாகத்தின் கீழ் 1985-இல் தொடங்கிய தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி, மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி; அதற்கு முகவரி மட்டும் போதாது. எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுத் தேர்வை 2020-இல் கைவிட்டு, மதிப்பெண்களோடு கட்டுரைகளையும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் 1.5 சதவீத அளவுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். இம்முறையை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயும், 2024-இல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க மறுத்ததால் இம்முறை நீடித்தது. எந்த நடுநிலைப் பள்ளியில் படித்தாலும் வாய்ப்புண்டு என்பதால் இதை நான் நியாயமென்றே கருதுகிறேன். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா பாடம் எடுத்திருப்பது கட்டாயம். சேர்க்கையின்போதே கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பேத்திக்குச் செப்டம்பர் 30-க்குள் ஐந்து வயது நிறைந்தால் கிண்டர்கார்டனில் சேரலாம். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனைப் படிவம், தடுப்பூசி விவரம் ஆகியவை தேவைப்படும். அங்கே மாதத்தை முதலில் எழுதுவதால் 05/08 என்பதை மே 8 என்றே படிப்பார்கள். ஆகவே தடுப்பூசி அட்டையில் மாதத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, மருத்துவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்புங்கள்.