பழைய ஹோம் ரெக்கார்டிங் சாமான்களைத் தூக்கிப் போட மனசில்லை. வேறு எதற்காவது உதவுமா?

நான்கு ட்ராக் (தனித்தனி ஒலித்தடம்) பதியும் கேசட் ரெக்கார்டர் ஒன்று, டிரைவர் (கம்ப்யூட்டரில் அதை இயக்கும் மென்பொருள்) கிடைக்காமல் போன ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் (மைக்கை ஃபயர்வயர் என்ற பழைய போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒன்று, பழைய மிடி சவுண்ட் மாட்யூல் (கீபோர்டோ கம்ப்யூட்டரோ மிடி வழியாக அனுப்பும் கட்டளைக்கு ஒலி எழுப்பும் பெட்டி) ஒன்று. இந்த மூன்றும் அலமாரியை அடைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் அலமாரியும் கிட்டத்தட்ட இதேதான் என்பதால் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

'பழசாகிவிட்டது' என்று பெட்டியை மொத்தமாகத் தள்ளிவைக்கிறோம். உள்ளே உண்மையில் காலாவதி ஆனது பெரும்பாலும் கம்ப்யூட்டரோடு பேசும் பகுதி மட்டும்தான். மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்புக்கு எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பது பற்றிக் கவலையே கிடையாது. அந்தப் பேசும் பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபயர்வயர் இன்டர்ஃபேஸையே எடுத்துக்கொள்வோம். என்னுடையது எட்டு மைக் உள்ளீடு கொண்டது. புது லேப்டாப்பில் அந்த போர்ட்டே இல்லை, டிரைவரும் நின்றுபோனது, மூன்று வருஷம் சும்மா கிடந்தது. ஒருநாள் தூசி தட்டும்போதுதான் பின்பக்கம் 'ஏடாட்' என்று போட்ட ஆப்டிகல் வெளியீடு கண்ணில் பட்டது. 1990களின் தொடக்கத்தில் எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு ட்ராக் பதிந்த அலெசிஸ் நிறுவனத்தின் ஏடாட் இயந்திரங்களோடு வந்த இணைப்பு அது. இயந்திரம் போய்விட்டது, இணைப்பு இன்றும் புதுக் கருவிகளில் இருக்கிறது. ஒரே மெல்லிய ஆப்டிகல் வயரில் 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) எட்டு சேனல் போகும். ஆப்டிகல் உள்ளீடு உள்ள சின்ன யூஎஸ்பி இன்டர்ஃபேஸில் இதைச் சொருகியதும், இரண்டு மைக் கருவி பத்து மைக் கருவி ஆகிவிட்டது.

இதில் நான் பட்ட அவதியைச் சொல்லிவிடுகிறேன். பதிவு முழுக்க 'டிக், டிக்' என்று சத்தம். வயர்தான் கோளாறு என்று இரண்டு வயர் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒலி மாதிரிகளை எடுக்கும் வேகத்துக்குத் தன் தன் கடிகாரத்தையே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. கிளாக் அமைப்பு, அனுப்பும் பழைய பெட்டியில் 'இன்டர்னல்', வாங்கும் புதுப் பெட்டியில் 'ஆப்டிகல்' என்று இருக்கவேண்டும். இன்னொன்று: பல கருவிகளில் எந்த மைக் எந்த ஆப்டிகல் சேனலுக்குப் போகும் என்பதைப் பழைய மென்பொருளில்தான் அமைக்க முடியும். பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது உயிரோடு இருந்தால் ஒருமுறை அதில் மாட்டி அமைத்துவிடுங்கள். கடைசி அமைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும் கருவி என்றால் பிழைத்தீர்கள்.

கேசட் ரெக்கார்டர்தான் எனக்குப் பிடித்த விஷயம். சாதாரண கேசட்டில் பக்கத்துக்கு இரண்டு ட்ராக், ஆக மொத்தம் நான்கு. நான்கு ட்ராக் கருவியின் ஹெட் (நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகம்) அந்த நான்கையும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் படிக்கும். அதாவது, வீட்டில் கிடக்கும் பழைய கேசட்டைப் போட்டால் ஏ பக்கம் இரண்டு ட்ராக்கில் நேராகவும், பி பக்கம் மற்ற இரண்டில் தலைகீழாகவும் வரும். நான் முதலில் போட்டது குடும்பக் கேசட் ஒன்று. சித்தி பாடிக்கொண்டிருக்க, பின்னால் பிள்ளைகள் ஏதோ வேற்றுகிரக பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்கையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் பதிந்து, பி பக்கத்தை மட்டும் 'ரிவர்ஸ்' செய்தால் 90 நிமிடக் கேசட் 45 நிமிடத்தில் முடிந்தது. உங்கள் கருவி இரட்டை வேகத்தில் (விநாடிக்கு சுமார் 9.5 செ.மீ.) மட்டும் ஓடும் ரகம் என்றால் இன்னும் வேகம். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துவிட்டு மென்பொருளில் பாதி வேகமாக்குங்கள். தொனி கொஞ்சம் மாறும், ஈக்யூவில் (உயர், தாழ் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) சரிசெய்யலாம். டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பான் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒலி மூச்சுவாங்கும். சின்ன மாடல்களில் நான்கு ட்ராக்குக்கும் தனி வெளியீடு இருக்காது. அப்போது இரண்டு தடவை ஓட்ட வேண்டியதுதான்.

ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பஞ்சு பழுப்பாக வரும். வராத வரை துடைக்கவும். ஒலி கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தால், ஹெட் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, 'ச', 'ஸ' எழுத்துகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்பும் முன் பழைய நிலையை மார்க்கரில் குறித்துக்கொள்ளவும். கேசட் ஓடவே இல்லை என்றால் பெல்ட்டாக இருக்கும். பழைய ரப்பர் பெல்ட் சில சமயம் தார்போல் இளகிக் கையெல்லாம் அப்பிக்கொள்ளும்.

இந்த வேலையெல்லாம் முடிந்தபின் விளையாட்டு. கேசட்டைத் திறந்து சுமார் 24 செ.மீ. நாடாவை வெட்டி ஒட்டி வளையமாக்கினால் சாதாரண வேகத்தில் 5 விநாடிக்கு ஒருமுறை சுற்றும் லூப் கிடைக்கும். இரட்டை வேகக் கருவியில் இரண்டரை விநாடிதான். கிட்டாரை நேராக மைக் உள்ளீட்டில் கொடுத்து உள்ளீட்டு அளவைக் கூட்டும் ட்ரிம்மை முழுக்கத் திருகினால் வரும் கொரகொரப்பும் நன்றாக இருக்கும். ஆனால் எல்லாப் பாட்டிலும் நாடா இரைச்சலைத் தூவும் இன்றைய வழக்கம் எனக்கு ஒவ்வாது. அந்த இரைச்சலை ஒழிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

மிடி மாட்யூலுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. மிடி 1983இல் வந்தது, அந்த ஐந்து பின் இணைப்பு இன்றும் அதேதான். யூஎஸ்பி-மிடி வயர் ஒன்று வாங்குங்கள், போதும்.

ஹார்டு டிஸ்க் ரெக்கார்டரும் கைவசம் இருந்தால், அதில் உள்ள பாட்டுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அதற்கு வேறு வாழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாட்யூலின் அடாப்டர் தொலைந்துபோயிருந்தால் அவசரப்பட்டுக் கைக்குக் கிடைத்ததைச் சொருகாதீர்கள். அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அலைபோன்ற கோடு இருந்தால் அது ஏசி கேட்கிறது. நேர்கோடும் அதற்குக் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி, அப்போது நடுப்பின் ப்ளஸ்ஸா மைனஸா என்ற படமும் பக்கத்திலேயே இருக்கும். என் எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்று இதைப் பார்க்காததால்தான் புகைந்தது.