ஹெட்ஃபோனில் வரும் ஒலி வேறு, இது வேறு

மூன்று வருஷமாக முதுகுவலி, மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் மசியவில்லை, ஒலியால் மூளையைத் தூண்டி வலியைக் குறைத்த ஆய்வு பற்றிச் செய்தி படித்தேன், 'மூளையை ஒலியால் தூண்டும்' ஹெட்ஃபோன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

நீங்கள் படித்த செய்தியில் வரும் ஒலி காதுக்கே கேட்காது. அது அல்ட்ராசவுண்ட், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல். வெளியிலிருந்து அனுப்பும் அலைகளை மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஒரு சிறு இடத்தில் குவிக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு குறிவைத்தது முன்புற சிங்குலேட் புறணியை. வலி எங்கே என்பதைவிட, அது நம்மை எவ்வளவு படுத்துகிறது என்பதில் பங்குள்ள பகுதி அது. (அந்தப் படுத்தல்தானே பாதி வேதனை!) 2024இல் வெளியான அந்த ஆய்வில், (ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த போலி சிகிச்சை அல்லாமல்) நிஜ சிகிச்சைக்குப் பின் 60 சதவீதம் பேருக்கு மறுநாள் வலி கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் கலந்துகொண்டவர்களே மொத்தம் 20 பேர்தான்.

ஹெட்ஃபோன் இசை மனசை இளக்கலாம், தூக்கம் வரவைக்கலாம். அதை இந்த ஆய்வின் பேரில் விற்றால் நம்பாதீர்கள். பிசியோ அல்ட்ராசவுண்ட் கருவியைத் தலையில் வைத்துப் பார்க்கும் விபரீதமும் வேண்டாம். வலி சிகிச்சை நிபுணரிடம், இந்த முறையைச் சோதிக்கும், நீங்கள் சேரக்கூடிய மருத்துவ ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.