வில் பிடிப்பவரும் கோல் பிடிப்பவரும்

கேள்வி (வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்): ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கும் என் மகளைப் பெங்களூருவில் நடக்கவிருக்கும் மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கு அழைத்துச் செல்கிறேன். மெண்டல்சன் என்ற இசையமைப்பாளரின் வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படி) வாசிக்க ஒரு வயலின் கலைஞரும், நடத்த ஓர் இசை நடத்துநரும் விருந்தினர்களாக வருகிறார்கள். எங்கள் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் ஆடித் திருவிழா மெல்லிசைக் கச்சேரிதான். இங்கே இருவரில் யார் தலைவர்?

பதில்: வேகத்தையும் பாவத்தையும் பெரும்பாலும் வயலின் கலைஞரே தீர்மானிக்கிறார், அவர் எங்கே இழுப்பார், எங்கே விரைவார் என்பதை ஒரு கணம் முன்னதாகவே உணர்ந்து, அதை அறுபது எழுபது பேருக்குக் கோலசைவில் தெரிவிப்பவர் இசை நடத்துநர். பாடகரின் முகம் பார்த்து வாசிக்கும் மிருதங்கக் கலைஞரின் கவனம் உங்களுக்குத் தெரியும். அதே கவனம்தான் இங்கும் தேவை. ஆனால் ஒலி எதுவும் நடத்துநர் கையில் இல்லை. விருந்தினர்கள் இருவரும் குழுவோடு சேர்ந்து ஒத்திகை பார்க்கக் கிடைப்பது சில வேளைகளே என்பதால், இந்தக் கூர்மை இல்லாவிட்டால் கச்சேரி நடக்காது.

இதை உங்கள் மகள் கண்ணாலேயே காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. முதல் பகுதியின் நடுவில் குழு முழுவதும் மௌனமாக, வயலின் தனித்து வாசிக்கும் 'கடென்ஸா' வரும். நம் தனி ஆவர்த்தனம்போல இதன் முடிவிலும் மற்றவர்கள் பிசகாமல் வந்து சேர வேண்டும்; ஆனால் இங்கே தீர்மானம் வைத்து, அதாவது ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, முடிக்கும் வழக்கம் இல்லை. நான்கு தந்திகளிலும் வில் துள்ளித் துள்ளிச் சுரங்களைச் சிதறவிட்டுக்கொண்டே இருக்க, அதனடியில் புல்லாங்குழலும் ஓபோ என்ற குழல்வாத்தியமும் குழுவின் வயலின்களும் முதலில் கேட்ட மெட்டை மிக மெல்லிய ஒலியில் எடுக்கின்றன. அதுவரை தலைவராக இருந்தவர் அந்த நொடியில் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார். கோல் அங்கே மிகச் சிறிதாகத்தான் அசையும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் என் மூச்சு நின்றுதான் வருகிறது.

1838-இல் மனத்தில் எழுந்த இந்த மெட்டைத் தன் நண்பரும் வயலின் கலைஞருமான ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்குக் கடிதத்தில் தெரிவித்த மெண்டல்சன், அவருடைய ஆலோசனைகளைக் கேட்டுக் கேட்டு 1844-இல்தான் முடித்தார். மறு ஆண்டு லைப்சிக்கில் டேவிட் அரங்கேற்றியபோது, மெண்டல்சன் உடல்நலமின்றி இருந்ததால் நீல்ஸ் காட என்பவர் நடத்தினார்.

கேள்வி (வாசகர் ஒருவர், ஏற்காடு): இத்தகைய கச்சேரியில் எப்போது கைதட்டலாம்?

பதில்: நம் சபையில் நல்ல பிடிக்கு உடனே 'பலே' என்போம், அங்கே உருப்படி முழுவதும் முடியும்வரை பொறுப்பது இன்றைய வழக்கம். இந்தக் கான்செர்ட்டோவுக்கு மூன்று பகுதிகள் இருந்தாலும் இடையில் நிறுத்தமே இல்லை. முதல் பகுதி பேரொலியோடு முடிந்ததும் கை தானாக எழும். அப்போது காதைக் கொடுங்கள். பசூன் என்ற குழல்வாத்தியம் ஒரே ஒரு சுரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதைப் பற்றிக்கொண்டுதான் இரண்டாம் பகுதி பிறக்கிறது.