கேள்வி – பதில்: ஓடுவதுபோல் ஓடி…

கே: மங்கோலியப் படையெடுப்பு பற்றிய நூலில் 'மூன்று துமன் படை வந்தது' என்று படித்தால் 30,000 வீரர்கள் என்று கணக்கிடலாமா?

ப: அவசரப்பட வேண்டாம். பத்துப் பேர் அர்பன், நூறு பேர் ஜகுன், ஆயிரம் மிங்கன், பத்தாயிரம் துமன். இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. களத்தில் பெரும்பாலும் ஆள் குறையும். 1206-இல் செங்கிஸ் கான் 95 ஆயிரவர் தலைவர்களை நியமித்தபோது, பல பிரிவுகளில் வெவ்வேறு குலத்தவரைக் கலந்தே வைத்தார். பழைய குலத்தலைவர்களின் கையிலிருந்து படை நழுவியது; நோக்கமும் அதுதான்.

மங்கோலியர் மட்டுமே என்றும் நினைக்காதீர்கள். மேற்கே போகப் போகத் துருக்கியர் பெருகினார்கள். செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகு பாரசீகத்துக்குப் புறப்பட்டபோது, கல்லெறி பொறிகளை இயக்கச் சீனத்திலிருந்து ஆயிரம் குடும்பத்தாரைக் கூட்டிச்சென்றார்.

கே: தோற்று ஓடுவதுபோல் நடிக்கும் உத்தி எல்லோருக்கும் தெரிந்ததுதானே? பிறகும் ஏன் ஏமாந்தார்கள்?

ப: ஓடுவது எளிது, திரும்புவதுதான் கடினம். நடிப்பு ஓட்டம் நிஜ ஓட்டமாக மாற அரை நாழிகை போதும். பத்தில் ஒருவன் தப்பி ஓடினால் பத்துப் பேருக்கும் மரணம் என்ற சட்டம் இங்கேதான் கைகொடுத்தது. அடுத்தது குதிரை. ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குதிரைகள். துரத்துபவரின் குதிரை கவச வீரனைச் சுமந்து நுரைதள்ளும் நேரத்தில், இவர்கள் களைக்காத குதிரைக்கு மாறியிருப்பார்கள். ஓடும்போதே சேணத்தில் திரும்பி அம்பும் விடுவார்கள். துரத்தும் படை வால்போல நீண்டதும் பக்கவாட்டு அணிகள் வளைத்துக்கொள்ளும்.

1223-இல் மங்கோலியத் தளபதிகள் ஜெபேயும் சுபுதையும் கல்கா ஆறுவரை ஒன்பது நாள் பின்வாங்கினார்கள். துரத்திய ரூஸ் (இன்றைய உக்ரைன், ரஷ்யப் பகுதி) இளவரசர்களுக்குப் பொதுத் தளபதி இல்லை. ஹாலிச் இளவரசர் மிஸ்திஸ்லாவ், கியேவ் இளவரசருக்குச் சொல்லாமலே தாக்கப் போனார். கூட வந்த கிப்சாக்குகள் (புல்வெளித் துருக்கிய நாடோடிகள்) சிதறி, பின்னால் நின்ற ரூஸ் அணிகளுக்குள்ளேயே புகுந்து குலைத்தார்கள். முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். 'நில்' என்று சொல்ல ஒருவர் இல்லை.

கே: மழையில் மங்கோலிய வில் கெடுமா?

ப: கெடும். மரத்தின் உட்புறம் கொம்பு, வெளிப்புறம் விலங்கின் தசைநார், பிடித்திருப்பது வெறும் பசை. ஈரம் ஏறினால் பசை இளகும். அதனால் மாற்று வில்லும் இருக்கும்: 1240-களில் மங்கோலியா போய்வந்த போப்பின் தூதர் கார்பினி, ஆளுக்கு இரண்டு மூன்று வில், மூன்று அம்பறாத்தூணி, ஒரு கோடரி, பொறி இழுக்கக் கயிறு என்று பட்டியலிடுகிறார்.

கே: பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் தோற்றது எப்படி?

ப: 1260 செப்டம்பரில் எதிரே நின்ற மம்லூக்குகளில் (எகிப்தின் அடிமை வீரர்கள்) பலர், கிப்சாக் புல்வெளியில் பிறந்து எகிப்துக்கு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். வித்தை புதிதல்ல. மம்லூக் தளபதி பைபர்ஸ் மோதிவிட்டுப் பின்வாங்க, துரத்திய மங்கோலியத் தளபதி கித்புகா சிக்கினார்.

ஹுலாகு பெரும்படையோடு சிரியாவிலிருந்து முன்பே திரும்பிவிட்டார். பேரரசர் மோங்கேயின் மறைவு ஒரு காரணம். ஆனால் ஆளுக்கு ஐந்து குதிரை என்றால் பத்தாயிரம் பேருக்கு 50,000 வாய். சிரியாவின் கோடைப் புல் எங்கே போதும்? 1262-இல் பிரான்ஸ் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் ஹுலாகுவே தீவனத் தட்டுப்பாட்டைச் சொல்கிறார்.