ஸ்காட்லாந்து தீவுப் பயணம்: கேள்வி பதில்

அண்ணா, பத்து நாள் இருக்கிறது. எடின்பரோவில் கார் எடுத்து ஸ்கை, மல், லூயிஸ், ஆர்க்னி நான்கையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், கார் கண்ணாடி வழியாக! ஆர்க்னியும் லூயிஸும் தனிப் பயணத்துக்கு உரியவை, இப்போதைக்கு விடுங்கள். எடின்பரோ, ஸ்டிர்லிங் வழியாக ஓபன் (Oban) என்ற துறைமுக ஊர் வரை போய், அங்கிருந்து கப்பலில் மல் தீவு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. மல்லில் மூன்று இரவு தங்குங்கள். அப்புறம் மல்லின் டோபர்மோரியிலிருந்து எதிர்க்கரையில் உள்ள கில்கோவனுக்குச் சின்னக் கப்பல். அங்கிருந்து மலேக் வரை வளைந்து வளைந்து போகும் சாலை, அவசரப்படாதீர்கள். மலேக்கில் இன்னொரு கப்பல் ஏறினால் ஸ்கை. திரும்பும்போது ஸ்கை பாலம் இருக்கிறது, 2004 முதல் சுங்கமும் இல்லை.

ஹோட்டலுக்கு முன்னால் கப்பலில் காருக்கு இடம் பிடியுங்கள். ஆள் மட்டும் என்றால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும், கோடையில் காருக்குக் கிடைப்பதுதான் கஷ்டம். காற்று பலமாக அடித்தால் கப்பல் ரத்தாகும். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவில் வைக்கவே வைக்காதீர்கள்.

சார், ஒற்றைத் தடச் சாலை என்றாலே பயமாக இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது?

சாலையோரம் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக அகலப்படுத்திய இடம் விட்டிருப்பார்கள், பலகையும் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் வந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் என்றால் குறுக்கே போகாமல் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதில் ஒதுங்கிக் கடந்துபோவார். பின்னால் வேகமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் இப்படியே வழிவிடுங்கள், அவருக்கு அது வேலைக்குப் போகிற சாலை. கடந்துபோகிறவருக்குக் கையைத் தூக்கிக் காட்டுவது அங்கே வழக்கம். போட்டோ எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் மட்டும் திட்டு விழும்.

நம்மூர் மாதிரி இடப்பக்க ஓட்டம்தான். இந்திய ஓட்டுநர் உரிமம் 12 மாதம் வரை செல்லும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேளுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஐயோனா தீவுக்கு அழைத்துப் போகலாமா?

தாராளமாக. சுற்றுலா வருகிறவர்கள் காரை அங்கே கொண்டுபோக முடியாது. மல்லின் மேற்கு முனையில் ஃபின்னஃபோர்ட்டில் நிறுத்திவிட்டு ஏறினால் பத்து நிமிடம். இறங்குதுறையிலிருந்து மடாலயம் வரை மெதுவாக நடந்துவிடலாம். 563-இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா என்ற கிறித்தவத் துறவி மடம் அமைத்த தீவு இது. பக்கத்து ஸ்டாஃபா வேறு கதை: அறுகோணத் தூண்களாக உறைந்த எரிமலைப் பாறையும் ஃபிங்கல் குகையும் அற்புதம்தான், ஆனால் படகிலிருந்து இறங்கியதும் செங்குத்துப் படிகள். கடல் கொந்தளித்தால் இறங்கவே விடமாட்டார்கள். அம்மா ஐயோனாவில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே. பகல் நீளம், பஃபின் பறவைகளும் வந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் ஒரு பக்கம், மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி இன்னொரு பக்கம். காற்று நின்ற மாலையில் மொய்த்துவிடும். மழை எந்த மாதமும் உண்டு, அதைப் பார்த்தால் ஸ்காட்லாந்து போகவே முடியாது.

நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆட்டு உள்ளுறுப்புகளால் செய்யும் ஹேகிஸ் என்ற உள்ளூர்ப் பதார்த்தத்துக்கே சைவ வகை உண்டு. ஆனால் சின்ன ஊர்களில் சமையலறையை இரவு சீக்கிரமே மூடிவிடுவார்கள். அடுப்போடு கூடிய வீடு எடுங்கள். அரிசி, பருப்பை ஓபனிலேயே வாங்கிவிடுங்கள்.

சரித்திரத்துக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடியும். எடின்பரோ கோட்டையா, ஸ்டிர்லிங்கா, கலோடனா?

என்னைக் கேட்டால் ஸ்டிர்லிங். மதில்மேல் நின்றால் 1297-இல் வாலஸின் ஸ்காட்லாந்துப் படை ஆங்கிலேயரை வென்ற பாலப் பக்கமும் தெரியும், 1314-இல் ஸ்காட்லாந்து அரசர் புரூஸ் அவர்களை வென்ற பானக்பர்ன் திசையும் தெரியும். எடின்பரோ கோட்டையில் பாதி நேரம் கூட்டத்தில் போய்விடும். ஸ்கையிலிருந்து இன்வர்னஸ் வழியாகத் திரும்பினால் கலோடனும் பக்கம்தான். ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணை கேட்டுப் போராடிய ஜாகோபைட்டுகள் அரசுப் படையிடம் தோற்ற இடம் அது, 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போர். புல்வெளியில் குலப்பெயர் பொறித்த கற்களைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் டிக்கெட்.