அம்மாயி படத்தை ஓவியமாக்க 6,500 ரூபாய் தர வேண்டுமா?

கொடுமுடிப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அம்மாயி வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்ததை ஃபோனில் எடுத்தேன். அதை ஓவியமாக்கி மாட்ட ஆசை. ஒரு ஆப்பில் போட்டால் முகம் மெழுகு பொம்மை மாதிரி வருகிறது. டவுனில் ஒரு கடையில் 'கையால் வரைந்த டிஜிட்டல் பெயிண்டிங்' என்று 6,500 ரூபாய் கேட்கிறார்கள். எனக்கு வரையத் தெரியாது. நானே செய்ய முடியுமா? ஐபேட் வாங்க வேண்டுமா? அப்பா அம்மா கல்யாணப் படத்தையும் செய்ய நினைத்தேன். ஸ்டுடியோக்காரர் 'ரைட்ஸ் எங்களுது' என்கிறார்."

முடியும். ஐபேட் வேண்டாம். அந்த 6,500 ரூபாயும் வீட்டிலேயே இருக்கட்டும்.

முகம் ஏன் மெழுகாகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படத்தை ஓவியம் போல மாற்றும் ஃபில்டர்களில் பழைய ஒன்று, குவஹாரா என்ற ஜப்பானியர் 1976-ல் இதயத்தை எடுத்த மருத்துவப் படங்களைச் சுத்தம் செய்யக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பார்த்து, எந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் குறைவோ அந்தப் பக்கத்து நிறத்தை அதற்குக் கொடுத்துவிடும். படத்தில் உள்ள புழுதி போய்விடும், ஓரங்கள் நிற்கும், பார்த்தால் ஆயில் பெயிண்ட் பூசியது போல இருக்கும். ஆனால் அம்மாயியின் கன்னத்துச் சுருக்கமும் அதற்குப் புழுதிதான். 2016-ல் பிரிஸ்மா ஆப் வந்தபோது பிரபலமான முறை வேறு. அதுவும் முகம் யாருடையது என்று பார்த்துச் செய்வதில்லை. இப்போதைய ஏஐ செயலிகள் இன்னும் மோசம், முகத்தையே புதிதாகச் செய்துவிடுகின்றன. அழகான ஒரு பாட்டி வருவார், அவர் உங்கள் அம்மாயியாக இருக்க மாட்டார்.

அந்தக் கடை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மா, மறைந்த கணவரின் படத்தைக் கொடுத்து இப்படி ஒரு 'கைவேலை' வாங்கி வந்திருந்தார். நெற்றியில் மூன்று விபூதிப் பட்டைகள் தோலோடு கரைந்திருந்தன. கண்ணாடி ஃபிரேமும் புருவமும் ஒன்றாகிவிட்டிருந்தன. சட்டை, சுவர், முகம் எல்லாவற்றிலும் ஒரே அளவுக் கோடு, ஒரே திசை. மனிதக் கை ஒருநாளும் அப்படி வரையாது. பட்டனைத் தட்டி அரை நிமிடத்தில் வந்ததற்கு அவர் ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்திருந்தார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

எனவே கடைக்காரரிடம் முதலில் வரைந்த வீடியோவைக் கேளுங்கள். புரோகிரியேட், ஐபிஸ் பெயிண்ட் என்ற வரையும் செயலிகள் இரண்டுமே வரைவதைத் தாமாகப் பதிவு செய்யும். கணினியில் வரையும் கிரிட்டாவிலும் அதற்கு வசதி இருக்கிறது. உண்மையாக வரைபவர் சந்தோஷமாகக் காட்டுவார். அப்புறம் லேயர்கள் (கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற அடுக்குகள்) உள்ள கோப்பைக் கேளுங்கள். ஃபில்டர் போட்டவரிடம் அடுக்கில்லாத ஒரே ஒரு ஜேபெக் படம்தான் இருக்கும். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையாகப் பல நாள் உட்கார்ந்து வரைகிறவர்கள் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 6,500 ரூபாய் குறைவு.

ஆப்பிலும் ஒரு பொறி உண்டு. 'மூன்று நாள் இலவசம்' என்று சொல்லி யுபிஐ ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி, வாங்கிக்கொள்வார்கள். ஆப்பை அழித்துவிட்டால் பணம் போவது நின்றுவிடும் என்று நினைக்கிறோம், நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் பார்க்க வேண்டும். பணம் வாங்கும் பட்டன் முதல் திரையில், நிறுத்தும் பட்டன் ஐந்து திரை தள்ளி. இதை இப்படி விட்டு வைத்திருப்பவர்களை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. இன்றே பார்த்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கணினி இருந்தால் கிரிட்டா, ஃபோன் மட்டும் என்றால் ஐபிஸ் பெயிண்ட். கிரிட்டா முழுக்க இலவசம். ஐபிஸ் பெயிண்டை விளம்பரத்தோடு காசில்லாமல் பயன்படுத்தலாம். இருநூறு ரூபாய் ரப்பர் முனைப் பேனாவுக்கு அழுத்தம் தெரியாது, அது விரலுக்குப் பதில் அவ்வளவுதான். பழகியபின் வேண்டுமானால் கணினியில் செருகும் திரையில்லாத பென் டேப்லெட் சில ஆயிரத்தில் வாங்கலாம்.

கணினியில் வரைவதென்றால் படத்தை ஃபோனிலிருந்து கேபிளில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 12க்கு 16 அங்குலத்தில் மாட்ட 3,600க்கு 4,800 பிக்சலில் கேன்வாஸ் திறங்கள். ஃபோன் திணறினால் அதில் பாதி, அதுவும் துணிக் கேன்வாஸ் பிரிண்டுக்குப் போதும்.

படம் கீழ் லேயரில் இருக்கட்டும். அதன் நகல் ஒன்றைக் கருப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று கூட்டமாகத் தெரியும். மேலே புது லேயர் திறந்து, இருப்பதிலேயே பெரிய பிரஷ்ஷால் அந்த மூன்றை மட்டும் பூசுங்கள். முகம் கிடையாது, கண் கிடையாது, வெறும் திட்டு. நிறம் எடுக்கும் கருவியால் நிறத்தைப் படத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்ளலாம், அது திருட்டு ஆகாது. ஆனால் நிழலை மட்டும் உறிஞ்சாதீர்கள். மத்தியான வெயிலில் ஃபோன் கேமரா, நிழலை வெறும் கருப்பாக்கிவிடும். நேரில் போய்ப் பாருங்கள்: வெள்ளைச் சேலையின் நிழல் மடிப்பில் வானத்து நீலம் இருக்கும், தரைக்கு அருகில் செம்மண்ணின் சூடு ஏறியிருக்கும். காங்கேயம் மாட்டின் வயிற்றடியில் பார்த்திருப்பீர்களே, அதே நிறம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி ஓவியம் முடிந்தது.

அப்புறம் சின்ன பிரஷ். எல்லா இடத்தையும் நுணுக்கமாகச் செய்ய வேண்டாம். கண், வாய் ஓரம், கடலைத் தோலை நசுக்கும் கட்டைவிரல், இந்த மூன்றில் நேரத்தைக் கொட்டுங்கள். பின்சுவரும் முறமும் திட்டாகவே இருக்கட்டும். சுருக்கங்களைக் கோடாகப் போடாதீர்கள். கோடு போட்டால் கீறல் மாதிரி தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி மேடும் ஒரு குட்டிப் பள்ளமும், ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். இடையிடையே கீழ் லேயரை மறைத்துப் பாருங்கள். வரையத் தெரியாது என்கிறீர்கள், முதல் படத்துக்கு இது போதும்.

பிரிண்டுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். பருத்திக் கேன்வாஸ், பிக்மென்ட் மை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி கல்யாணப் படம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். கேமரா பிடித்தவர் அல்ல. அதாவது அப்பாவோ தாத்தாவோ பணம் கொடுத்துச் சொல்லி எடுத்தது என்றால் உரிமை உங்கள் குடும்பத்துக்கு. 'வேறு ஒப்பந்தம்' என்பதைக் கவனியுங்கள்: உரிமை ஸ்டுடியோவுக்கே என்று எழுதி, அதை ஒப்புக்கொண்டிருந்தால் கதை மாறும். யாரும் சொல்லாமல் கோயில் திருவிழாவில் அவராக எடுத்து, பிறகு உங்களுக்கு ஒரு காப்பி விற்றிருந்தால் அது அவருடையதுதான். சொந்தக்காரப் பையன் காசு வாங்காமல் ஆசைக்கு எடுத்தது என்றாலும் அவனுடையது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆனால் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மண்டபத்துக்கு வரவழைத்த ஸ்டுடியோ 'ரைட்ஸ் எங்களுது' என்று வாயால் சொன்னால் செல்லாது. இத்தனை வருடமாகச் சட்டத்தில் இருக்கிறது, எந்த ஸ்டுடியோவும் சொல்வதில்லை, எந்த அலுவலகமும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. சட்டம் தெரிந்தும் கோர்ட்டுக்கு அலைய யாருக்கு நேரம்?

அதனால் சண்டை வேண்டாம். நெகட்டிவ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள், ஸ்கேன் செய்யும் கூலியைக் கொடுங்கள். தராவிட்டால் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பிரிண்டையே ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுங்கள். படம் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் உறையோடு வந்துவிடும். உறை மேலேயே ஸ்கேன் செய்து, பளபளப்பை வரையும்போது சரி செய்துகொள்ளலாம்.